லாக்கரில் போட்ட வளையல்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் மேட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘ரிவர்ஸ்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மழைக்காலத்தில் எங்கள் சரிவில் வண்டி வழுக்கினால் மற்ற டிரைவர்கள் ஆக்சிலரேட்டரை மிதி மிதியென்று மிதித்து, இருக்கிற குழியை இன்னும் ஆழமாக்கிவிட்டு, கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டுவார்கள். இவர் அப்படி இல்லை. ஒரு தடவை வழுக்கினால் பேசாமல் ரிவர்ஸ் போட்டு அடி வரைக்கும் பின்னால் வந்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். வீட்டிலும் அதே கதைதான். அக்கா குரலை உயர்த்தினால் இரண்டடி பின்னால் போவார். வாசலில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே வந்து, “தண்ணி குடு” என்பார். சண்டை போடத் தெரியாத மனிதரோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு எரிச்சல் பிடித்த வேலை என்று அக்கா என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறாள்.

நான் அவளுடைய தங்கை. அடுத்த வீடுதான். டவுனில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறேன். காலையில் அத்தானுடைய ஜீப்பில் இறங்கி, சாயங்காலம் அதே ஜீப்பில் ஏறி வருகிறவள். அக்காவும் வருகிற நாட்களில் முன் சீட்டில் அவளுக்கும் அத்தானுக்கும் நடுவே, கியர் கம்பி முழங்காலில் இடிக்க இடிக்க உட்கார்ந்து பழகியவள். ஆகையால் அந்த வண்டியைப் பற்றியும் அதை ஓட்டுகிற ஆளைப் பற்றியும் பேச என்னை விட்டால் வேறு ஆள் கிடையாது.

சின்ன வயதில் அவர் லாரியில் கிளீனர். பிறகு எங்கள் மேட்டுக்குப் பின்னால் இருந்த கல் குவாரியில் லோடுமேன். அங்கேயே முதலாளியின் ஜீப்பை ஓட்டக் கற்றுக்கொண்டார். குவாரி மூடியபோது மற்றவர்கள் பாக்கிச் சம்பளம் கேட்டு வரிசையில் நின்றார்கள். இவர் மட்டும், “அந்த ஜீப்பைக் குடுத்துடுங்க, கணக்கு தீந்துபோச்சு” என்றாராம். முதலாளி சந்தோஷமாகத் தலையாட்டினான். அந்த ஜீப் அப்போதே நாலைந்து இடத்தில் ஒட்டுப் போட்டது. ஆனால் நான்கு சக்கரமும் இழுக்கும். குவாரி போனாலும் குவாரிக்காகக் கட்டிய வீடுகள் மேட்டில் இருந்தன, வீடுகளில் நாங்கள் இருந்தோம், பிழைப்பு டவுனில் இருந்தது. எங்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு சாயங்காலம் கூட்டிவருவது அத்தானின் தொழிலாகிவிட்டது. டவுன் வரைக்கும் நல்ல தார் ரோடு. கடைசியில் வீட்டுக்கு ஏறுகிற அந்த ஒரு சரிவு மட்டும் களிமண். வெயிலில் செங்கல், மழையில் சோப்பு.

மழை பெய்தால் சரிவின் அடியில் வண்டி நிற்கும். “எல்லாரும் இறங்குங்க” என்பார் அத்தான். ஆண்கள் பின்னால் தள்ளுவார்கள். பெண்கள் ஓரமாக நடந்து ஏறுவோம். அதுதான் எங்கள் வழக்கம், அதில் யாருக்கும் குறை இருந்ததில்லை. அக்கா விழுகிற வரைக்கும்.

அக்கா வீட்டிலேயே பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பாள். அன்றைக்கு டவுன் கடையிலிருந்து வெட்டிய துணி மூட்டையை வாங்கிக்கொண்டு வந்தாள். மழை. எல்லோரையும் போல அவளும் இறங்கினாள். மூட்டை நனையக்கூடாதென்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவளுக்குக் கால் வைக்கிற இடம் தெரியவில்லை. விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் திருகி, கையில் ஒரு ஊன்றுகோலைக் கொடுத்து அனுப்பினார்கள். “மேடு பள்ளத்துல நடக்கவே கூடாதும்மா” என்றார் டாக்டர். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவருக்கு யார் சொல்வது?

அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் வரும் மழை நாட்களில் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். அக்கா முகத்தைத் துணியால் மூடிக்கொள்வாள். வலியால் இல்லை, வெட்கத்தால். தெருவில் எல்லோரையும் அதட்டி வளைய வந்தவள் அவள். “சாமான் மாதிரி தூக்கிட்டு வர்றாங்கடி என்னை” என்று என்னிடம் அழுதாள். அத்தான் அதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடந்து வருவார். “எல்லாரும் இறங்குங்க” என்று அன்றைக்குச் சொன்னது அவர் வாய்தானே. அந்த மனிதர் உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருந்தார். அவள் இனிமேல் அந்தச் சரிவில் இறங்கக்கூடாது, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். அவருக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

பட்டறைக்காரரிடம் போனார். இருவரும் லாரிக் காலத்துக் கூட்டாளிகள். என்னவெல்லாம் பேசினார்கள் என்பதைப் பட்டறைக்காரரே பின்னால் எனக்குச் சொன்னார். ஜீப்புக்கு அடியில் படுத்தபடியே விளக்கினாராம்.

“வண்டி திரும்புறப்போ வெளிப்பக்கச் சக்கரம் கூட ஓடணும், உள்பக்கச் சக்கரம் கம்மியா ஓடணும். அதுக்குத்தான் டிஃபரன்ஷியல். ரோட்டுல அது நல்ல பிள்ளை. சேத்துல அதே பிள்ளை புத்தி கெட்டுப்போயிடும். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதுக்கே இழுப்பு பூராத்தையும் அள்ளிக் குடுக்கும். கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் கையக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கும்.”

“வேலை செய்யாதவனுக்கே சம்பளம்னு சொல்லு.”

“அதேதான். ரெண்டு சக்கரத்தையும் சேத்துப் பூட்டிட்டா, ஒண்ணு வழுக்கினாலும் இன்னொண்ணு இழுத்துட்டுப் போயிடும். அந்தப் பூட்டுக்குத்தான் லாக்கர்னு பேரு. பின்னால ஒண்ணு போட்டா போதும், உன் சரிவுக்கு.”

பூட்டுவதிலும் தரம் இருந்தது. ஒன்றுமே வாங்காமல் உள்ளே இருக்கிற பற்சக்கரங்களை வெல்டிங் வைத்து ஒட்டிவிடலாம். செலவு ஒரு டீக்காசு. ஆனால் நிரந்தரமாக ஒட்டிப்போகும். தார் ரோட்டில் ஒவ்வொரு வளைவிலும் டயர் தேய்ந்து கத்தும், என்றைக்காவது ஆக்ஸில் முறியும். காட்டுக்குள்ளேயே கிடக்கிற வண்டிக்குச் சரி, தினமும் டவுனுக்குப் போகிற வண்டிக்கு ஆகாது. அடுத்தது லிமிட்டட் ஸ்லிப் என்று ஒன்று, வழுக்கலை ஓரளவுக்கு மட்டும் தடுப்பது. ரோட்டில் சாது. ஆனால் ஒரு சக்கரம் குழிக்கு மேலே அந்தரத்தில் தொங்கினால் அதுவும் கைவிரித்துவிடும். மூன்றாவது ஆட்டோமேட்டிக் லாக்கர். சுவிட்ச், கம்பி ஒன்றும் வேண்டாம். தானாகப் பூட்டிக்கொள்ளும், திரும்பும்போது தானாக விட்டுக்கொடுக்கும். பழைய கூட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவதால் விலையும் தாங்கும். குறை என்னவென்றால், வளைவில் டக் டக்கென்று சத்தம் போடும், சட்டென்று ஒரு உதறல் இருக்கும், ஈரத் தாரில் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக இழுக்கும். கடைசியாக, காற்றழுத்தத்தில் இயங்குவது. டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச். போட்டால் பூட்டும், எடுத்தால் வண்டி பழையபடி பூப்போல ஓடும். சத்தம் கிடையாது, உதறல் கிடையாது. விலையைக் கேட்டதும் அத்தான் வழக்கம்போல இரண்டடி பின்னால் போனாராம்.

ஆட்டோமேட்டிக் என்று முடிவானது. அதற்கே அவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கவேண்டியிருந்தது. அக்காவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால், “அந்த வண்டி என்ன என் வயித்துல பொறந்த மூத்த பிள்ளையா, வந்து வந்து தின்னுட்டுப் போக?” என்று ஆரம்பித்துவிடுவாள். ஆகையால் பட்டறைக்காரர் போன் செய்தால் எழுந்து போய்த் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்று கிசுகிசுவென்று பேசுவார். தண்ணீர் டிரம்முக்கு நேர் மேலே ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே தையல் மெஷின். மெஷின் முன்னால் அக்கா. இந்த மனிதருடைய ரகசியம் காக்கும் திறமை அவ்வளவுதான்.

இப்போது அக்கா பக்கத்துக்கு வருகிறேன்.

அந்த மாதத்தில் மேட்டில் திருட்டு பயம். பூட்டியிருந்த இரண்டு வீடுகளில் புகுந்து துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கையில் காதில் ஏதாவது வைத்திருந்தவர்கள் எல்லோரும் பேங்க்கில் லாக்கர் எடுப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவிடம் நான்கு தங்க வளையல்கள் இருந்தன. எங்கள் அம்மா அவளுக்குக் கொடுத்தது. என் பங்குக்கு வந்த சங்கிலி எப்போதோ கரைந்துவிட்டது. அக்கா மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றி வைத்திருந்தாள், அவள் மகளுக்காக.

மகளை நாங்கள் பாப்பா என்போம். தூரத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தது, ஒரு குழந்தையும் இருந்தது. அச்சகத்தில் வேலை செய்தாள். அவள் சம்பளத்தைப் புருஷன்காரன் வாங்கிக்கொள்வான். ஒரு தடவை வந்தபோது காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். கதவு எப்படி இடிக்கும் என்று அக்காவுக்குத் தெரியாதா என்ன? அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்றையிலிருந்து அந்த வளையல்களுக்கு ஒரே ஒரு வேலைதான். என்றைக்காவது பாப்பா, “அம்மா, நான் தனியா வந்துடறேன்” என்று சொன்னால், ஒரு அறை பிடித்துக் கொடுக்க அவை இருக்க வேண்டும். மாப்பிள்ளை ஏற்கனவே ஒருமுறை, “அத்தை கையில சும்மாதானே கிடக்கு” என்று பல்லைக் காட்டியிருந்தான்.

இந்த நிலைமையில்தான் ஜன்னல் வழியாக அத்தானின் கிசுகிசுப்பு அவள் காதில் விழுந்தது.

“லாக்கர் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்... வீட்டுல தெரிய வேணாம்... பெருசா எதுக்கு, நம்ம அளவுக்கு இருந்தா போதும்... பத்திரமா இருக்கும்ல? அப்புறம் எனக்கு அந்தக் கவலையே இல்ல.”

அக்கா மெஷினை நிறுத்திவிட்டாள். ‘இந்த மனுஷன் என் வளையலைப் பத்தியா கவலைப்படுறார்?’ அவளால் நம்ப முடியவில்லை. ஜீப்பைத் தவிர எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளாத ஆள், மகளை நினைத்து, திருட்டை நினைத்து, அவளுக்குத் தெரியாமல் பேங்க் லாக்கர் ஏற்பாடு செய்கிறார். அன்றைக்கு முழுக்கத் தைத்ததில் பாதியைப் பிரிக்கவேண்டி வந்ததாம். மனம் அப்படி நிறைந்து கிடந்தது என்று அவளே சொன்னாள்.

மறுநாள் மதியம் அத்தான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கும்போது வளையல்களைக் கழற்றினாள். முன்பெல்லாம் சோப்புப் போட்டாலும் இறங்காதவை, ஆஸ்பத்திரிக்குப் பிறகு தானாகவே வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரு துணியில் முடிந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதையும் அந்த லாக்கர்ல போட்டுடுங்க.”

அத்தானுக்குக் கை ஈரம் காயவில்லை. “உனக்கு... யாரு சொன்னா?”

“எனக்குக் காது இல்லையா? ஏங்க எங்கிட்ட மறைச்சீங்க?”

“நீ திட்டுவேன்னு பயந்தேன்.”

“திட்டுவேனா? கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உங்களுக்கு உருப்படியா தோணின யோசனை இது ஒண்ணுதான்.”

“பாப்பாவுக்குன்னுதானே இதை வச்சிருந்தே?”

“அவளுக்காகத்தான் சொல்றேன். அவ கையில குடுத்தா அந்த ஆள் பிடுங்கிக்குவான். வீட்டுல வச்சா திருடன் கொண்டுபோவான். அதுல போட்டா ஒருத்தனும் கை வைக்க முடியாது.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. என் தங்கச்சிகிட்டகூட வேணாம். மாப்பிள்ளை காதுக்குப் போயிடும்.”

நம் பேச்சில் ‘போடுவது’ என்று ஒரு சொல் இருக்கிறதே, அது இந்தக் குடும்பத்தைச் சாய்த்துவிட்டது. பெட்டியில் போட்டேன் என்றால் பத்திரப்படுத்தினேன் என்று பொருள். வீட்டில் போட்டேன், கடையில் போட்டேன், வண்டியில் போட்டேன் என்றால் அதற்கே செலவழித்தேன் என்று பொருள். அக்கா முதலாவதைச் சொன்னாள். அத்தான் இரண்டாவதைக் கேட்டார். இரண்டு பேருமே அழுதார்கள். வண்டியைக் கரித்துக்கொட்டுகிறவள் தன் கை வளையலை வண்டிக்குக் கொடுக்கிறாளே என்று அவர் அழுதார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் மகளைப் பற்றி யோசித்தாரே என்று அவள் அழுதாள்.

அந்த முடிச்சோடு அவர் நேரே பட்டறைக்குப் போனார். வாங்கி வைத்திருந்த ஆட்டோமேட்டிக் லாக்கரைப் பட்டறைக்காரர் எடுத்து மேஜைமேல் வைத்தார். அத்தான் அதைத் தொடக்கூட இல்லை.

“இதை வேற யாருக்காவது குடுத்துடு. எனக்குச் சுவிட்ச் வச்சது வேணும்.”

“உனக்கென்ன பைத்தியமா? தினம் ஓட்டுற வண்டிக்கு இதுவே தாராளம். கொஞ்சம் டக் டக்குங்கும், அவ்வளவுதானே.”

“அந்த உதறல் அவ இடுப்புல போய் இடிக்கும்டா. வளைவுக்கு வளைவு தகடு வலிக்கும். அவ வளையலையே கழட்டிக் குடுத்திருக்கா. அதுல போய் மட்டமானதை வாங்கிப் போடச் சொல்றியா?”

பட்டறைக்காரர் மேஜைமேல் இருந்ததைத் திரும்ப உள்ளே எடுத்து வைத்தார். நியாயமாகப் பார்த்தால் அத்தானுக்கு ஏற்றது முதலில் எடுத்த அந்த மலிவான லாக்கர்தான். அதை மாட்டியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும், கொஞ்சம் உதறியிருக்கும், வளையல் மிஞ்சியிருக்கும். அவள்மேல் இருந்த பிரியம் அவரை விலை உயர்ந்ததை வாங்க வைத்தது. சேர்த்து வைத்திருந்த பணத்தோடு நான்கு வளையல்களும் அதற்கே சரியாகப் போயின.

அந்த வருஷத்து முதல் மழை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சரிவின் அடியில் வண்டி நின்றது. பழக்கதோஷத்தில் எல்லோரும் இறங்கப் போனோம். “யாரும் இறங்க வேணாம், உக்காருங்க” என்றார் அத்தான். டேஷ்போர்டில் புதிதாக இருந்த ஒரு சுவிட்சைத் தட்டினார். சீட்டுக்கு அடியில் ஏதோ உர்ரென்றது. வண்டி நிதானமாக, ஒரு சக்கரம்கூடத் திமிறாமல், சேற்றைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவர், “ரிவர்ஸ், இனிமே உன் பேரை மாத்தணும்யா” என்று கத்தினார். அத்தான் யாரையும் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி அக்காவையே பார்த்தார்.

“எல்லாம் உன்னாலதான்” என்றார்.

“ஆமா, நான்தான் வந்து தள்ளினேன்” என்றாள் அக்கா. ஆனால் முகம் சிவந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. இந்த வயதில் என்ன இதெல்லாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதை நாங்கள் எல்லோரும் ‘சுவிட்ச்’ என்றுதான் சொன்னோம். “சுவிட்சைப் போடு ரிவர்ஸ்” என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். மேட்டில் ஒருத்தராவது வாய் தவறி அதை லாக்கர் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் வெளியே வந்திருக்கும். ஒருவரும் சொல்லவில்லை. பட்டறைக்காரர்தான் வண்டியில் ஏதோ செய்து கொடுத்திருக்கிறார் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். என்ன செலவாயிற்று என்று அவள் கேட்காததை, கொடுத்தவளுக்குத் தெரியாதா என்று அத்தான் எடுத்துக்கொண்டார். எப்போதாவது சாப்பிடும்போது அவள் மெதுவாகக் கேட்பாள்.

“லாக்கர் பத்திரமா இருக்குல்ல?”

“கல்லு மாதிரி இருக்கு. நம்ம காலத்துக்கு அப்புறமும் இருக்கும்.”

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேருக்கும் திருப்தி. அக்காவின் வாய் அடங்கியிருந்தது. அத்தான் வாசலுக்குப் போய் நிற்பது நின்றுபோயிருந்தது. அவர்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று என்னைக் கேட்டால் அந்த மழைக்காலத்தைத்தான் சொல்வேன்.

பாப்பா போன் செய்தது ஒரு மதியத்தில். எனக்கு வார விடுமுறை, அக்காவுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அச்சகத்திலிருந்து பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. கூட வேலை செய்கிற பெண் வீட்டு மாடியில் ஒரு அறை காலியாகிறதாம். முன்பணம் கொடுத்தால் இந்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாளாம். “இந்தத் தடவை விட்டா எனக்கு மறுபடி தைரியம் வராதும்மா” என்று அவள் சொன்னது எனக்கே கேட்டது.

“நீ ஒண்ணும் யோசிக்காத. உன் வளையல் லாக்கர்ல இருக்கு. அப்பாவை நாளைக்கே அனுப்புறேன். நீ துணிமணியை எடுத்து வை” என்றாள் அக்கா. போனை வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். இத்தனை வருஷம் காத்திருந்தது வந்துவிட்டது.

அத்தான் வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, நாளைக்கு டவுனுக்குப் போறப்போ லாக்கர்ல இருந்து வளையலை எடுத்துட்டு வந்துடுங்க.”

அத்தான் சிரித்தார். அவள் ஏதோ கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். “லாக்கர்ல போட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா? கழட்டினா வண்டி மேட்டுல ஏறாதே.”

“விளையாடாதீங்க. பாப்பாவுக்கு வேணும். அந்த வீட்டை விட்டு வந்துடறேன்னு சொல்லிட்டா.”

அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. “எந்த வளையல்?”

“நம்மகிட்ட எத்தனை இருக்கு? லாக்கர்ல போடச் சொல்லிக் குடுத்தேனே, அது.”

“போட்டுட்டேனே.”

“அதைத்தான் எடுக்கச் சொல்றேன்.”

அவர் ஈரத்துணியைக் கீழே போட்டார். ஜீப்பின் பின்பக்கம் போய்க் குனிந்து, இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் சேறு அப்பிக் கிடந்த இரும்பு உருண்டையைக் கையால் காட்டினார். “இதுதானே லாக்கர். இதுலதானே போட்டேன்.”

அக்காவுக்குப் புரியவில்லை. ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு தானும் குனிந்து பார்த்தாள். வண்டிக்கு அடியில் இவர் வளையலை ஒளித்து வைத்திருக்கிறார் என்றே நினைத்திருக்கிறாள். உள்ளே கையை விடப் போனாள். “எங்கங்க? எங்க வச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். என் வாழ்க்கையில் நான் மறக்க நினைத்து மறக்க முடியாத இடம் அது. எனக்குத்தான் முதலில் புரிந்தது. எழுந்து ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

“அக்கா, பேங்க்ல இல்லக்கா. அந்தச் சுவிட்சுக்குப் பேருதான் லாக்கராம்.”

அவள் நிமிர்ந்து அத்தானைப் பார்த்தாள். “பேங்க்ல வைக்கலையா நீங்க?”

“எந்த பேங்க்?” என்றார் அத்தான்.

அவள் கத்தியிருக்கலாம். ஊரைக் கூட்டியிருக்கலாம். அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம், நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். அவள் உள்ளே போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. அத்தான் அன்றைக்கு இரண்டடி பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது, நான்தான் போய் மூடினேன்.

மறுநாள் அவர் பட்டறைக்குப் போய், “இதைப் பிரிச்சுக் காசாக்கிக் குடு” என்று கேட்டிருக்கிறார். சேற்றில் ஓடிய லாக்கரைப் பழைய இரும்பு விலைக்குக்கூட வாங்க ஆள் இல்லை என்றார் பட்டறைக்காரர். ஜீப்பையே விற்கிறேன் என்று வந்து நின்றார். “வித்துட்டு? அவளும் இங்க வந்து நம்மளோட சேர்ந்து பட்டினி கிடக்கவா?” என்று கேட்டாள் அக்கா. அந்த விஷயத்தில் அவள் அவரிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான். நாங்கள் அக்கம்பக்கத்தில் கடன் கேட்டுப் பார்த்தோம். மேட்டில் யாரிடம் என்ன இருக்கிறது? அந்த வாரம் முடிந்தது. மாடி அறைக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

பாப்பாவிடம் அக்காவே சொன்னாள். அப்பா மேல் தப்பில்லை, நான் சொன்ன விதம்தான் தப்பு என்று சொன்னாள். அந்தப் பெண், “பரவாயில்லம்மா, உனக்கு இடுப்பு வலி குறைஞ்சுதுல்ல” என்றாளாம். அதன் பிறகு அவள் போன் செய்தால் நல்லா இருக்கேன் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லை. அந்த வீட்டிலேயேதான் இருக்கிறாள்.

அடுத்து வந்த மழையில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினோம். சரிவின் அடியில் அத்தான் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

“நிறுத்துங்க” என்றாள் அக்கா.

“ஏறிடும். நீ உக்காரு.”

“ஏறும்னு தெரியும். நீங்க ஏத்திட்டுப் போங்க. நான் இறங்கிக்கறேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அக்கா ஊன்றுகோலை வெளியே நீட்டிச் சேற்றில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். நானும் அவள் பின்னாலேயே இறங்கினேன். ஜீப் ஒரு சின்ன வழுக்கல்கூட இல்லாமல் எங்களைத் தாண்டி ஏறிப் போனது.

பாதி தூரத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“அவர் மேல கோவம்னா வீட்டுல வச்சுத் திட்டு. இப்படி நடந்து மறுபடி விழுந்து சாகப்போறியா?”

“அவர் மேல எனக்கு என்னடி கோவம்? எனக்காகத்தானே போட்டார், பாவம்.” அக்கா முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தாள். “அதுல உக்காந்து ஏறினா, பாப்பா முதுகுல உக்காந்து ஏறுற மாதிரி இருக்கு. என்னால முடியல.”

மேலே ஜீப் நின்றிருந்தது. அத்தான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, வழுக்கி வழுக்கி எங்களை நோக்கி இறங்கி வந்தார். அருகில் வந்து அக்காவைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினார். அக்கா தோளில் தொங்கிய மருந்துப் பையைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். கையைக் கொடுக்கவில்லை.